பந்தி எழுந்திருக்காத கலந்தாய்வு

துறையில் சேர்ந்த அன்றே உங்கள் கையில் விதிமுறைத் தொகுப்பைக் கொடுத்திருப்பார்கள். கனத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் பாதியை எழுதியவன் நான். மீதிப் பாதி புதுச்சேரித் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. அது இரண்டு முறை படித்தால் புரியும், மூன்றாம் முறை படித்தால் மறுபடியும் குழம்பும். முழுத் தொகுப்பும் எனக்கு மனப்பாடம் என்று என் முதுகுக்குப் பின்னால் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்கள் சிக்கிக்கொண்ட நாளில் யாரைத் தேடி வந்தார்கள் என்பதையும் விசாரித்து வையுங்கள்.

நீங்கள் பாடம் எடுக்கப்போகும் எம்.சி.ஏ. வகுப்பு சற்று விசித்திரமானது. வேறு பட்டம் வாங்கி, வேறு வேலை பார்த்து, அது போதாமலோ பிடிக்காமலோ கணினிக்கு மாற வருகிறவர்கள்தான் இங்கே அதிகம். வரலாறு படித்தவர் இருப்பார், விலங்கியல் படித்தவர் இருப்பார், வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து அலுத்தவர் இருப்பார். முன்வரிசையில் உங்களைவிட மூத்தவர் ஒருவர் மரியாதையாக "சார்" என்று கூப்பிடும்போது, யாரையோ கூப்பிடுகிறார் என்று நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள். முதல் மாதம் எல்லோருக்கும் அப்படித்தான்.

இவர்களிடம் நம் ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "பழைய வேலையை மறந்துட்டு வாங்க." சொல்லச் சுகமாக இருக்கும். நடக்காது. அவர்கள் எழுதும் ஒவ்வொரு நிரலிலும் பழைய வேலை ஏறி உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் பிழைப்பு. எனக்கு இது சரியாகப் புரிந்தது ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை.

கலியமூர்த்தி குரும்பகரத்துக்காரர். பி.ஏ. வரலாறு. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர். அவருடைய அண்ணன் வைத்தியநாதன் இந்தப் பக்கத்தில் பேர்பெற்ற கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரர். சமையல் அண்ணன் பொறுப்பு, பந்தி தம்பி பொறுப்பு. மண்டபத்து வாசலில் நின்று கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எத்தனை பந்தி ஓடும், எந்தப் பந்தியில் பாயசம் பற்றாமல் போகும் என்று கலியமூர்த்தி சொல்லிவிடுவார் என்று கேள்வி. அப்படிப்பட்டவர் ஒருநாள் கணினி படிக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். அண்ணனுக்கு அது ஆறவே இல்லை.

கடைசிப் பருவத்தில் அண்ணன் தம்பியை இழுத்துக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார்.

"சார், ரெண்டு வருசமா இவன் பொட்டியத் தட்டிக்கிட்டு இருக்கான். நான் ஒத்தக் கையா நிக்கிறேன். இந்த வருசத்தோட முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க."

"புராஜெக்ட் தேறிட்டா முடிஞ்சிரும்."

"தேறலன்னா?"

"அடுத்த வருசம் மறுபடி செய்யணும்."

"அடுத்த வருசங்கிற பேச்சே கெடையாது சார். ஆடியில நமக்கு முகூர்த்தம் இல்ல, இருந்துட்டுப் போவட்டும். ஆவணி மொத முகூர்த்தத்துக்குள்ள பாஸுன்னு வந்துட்டா அவன் வழி அவனுக்கு. வரலன்னா கம்ப்யூட்டர மூட்ட கட்டிட்டு பந்திக்கு வந்துரணும். அவனே ஒத்துக்கிட்டான், கேளுங்க."

கலியமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

அவருடைய புராஜெக்ட், நம் துறையின் சேர்க்கைக் கலந்தாய்வை நடத்தும் நிரல். மேடையில் நான்கு மேசைகள். தரவரிசைப்படி நான்கு பெயர்கள் திரையில் வரும். அவர்கள் போய் உட்கார்ந்து சான்றிதழைக் காட்டி, பகல் வகுப்பா மாலை வகுப்பா என்று சொல்ல வேண்டும். மேசையில் இருக்கும் ஆசிரியர் 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்துவார். அடுத்த நான்கு பெயர்கள் வரும். சிறிய காரியம்தான். ஆனால் எங்கள் விதி பெரியது: புராஜெக்ட் உண்மையான இடத்தில், உண்மையான ஆட்களை வைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை ஓட வேண்டும். வெளித்தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். நடுவில் யாராவது நிரலை ஒதுக்கிவிட்டுப் பேப்பரைத் தொட்டால் அந்த ஆண்டு போயிற்று. இந்த விதியையும் எழுதியவன் நான்தான். நல்ல விதி என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்தச் சனிக்கிழமை, திருநள்ளாறு போகிற வண்டிகளுக்கு நடுவே நெளிந்து வந்து சேர்ந்தவர்களால் அரங்கம் நிறைந்திருந்தது. தொழில் மாற நினைக்கும் பட்டதாரிகள் தனியாக வருவதில்லை. மனைவி, கணவர், மாமியார், கைக்குழந்தை என்று குடும்பமே வந்து உட்காரும். அன்றைய டீ, சாப்பாட்டு ஏற்பாடு வைத்தியநாதனுடையது. ஊரில் நல்ல சமையல் அவருடையது என்பதால் நிர்வாகம் அவரைப் பிடித்திருந்தது. அதில் என் கை ஏதும் இல்லை.

வெளித்தேர்வாளர் வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியை. முதல் வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. தேர்வாளர்களில் இந்த வகைதான் ஆபத்தானது.

தொடக்கம் பிரமாதம். நான்கு பெயர், நான்கு பேர், நான்கு பொத்தான், அடுத்த நான்கு. கல்லூரி முதல்வர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பத்திரிகைக்காரர்கள் யாரும் வரவில்லையா என்பதுபோல் வாசலைப் பார்த்தார். கலியமூர்த்தி மேடைக்குக் கீழே லேப்டாப்பின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன். "பந்தி நடக்கும்போது உக்காந்து பழக்கமில்ல சார்" என்றார்.

பிறகு திரை நின்றுபோனது.

அதே நான்கு பெயர்கள். மூன்று மேசைகளில் ஆசிரியர்கள் வேலையை முடித்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக யாரும் வரவில்லை. சிறிது நேரம் அரங்கம் பொறுத்தது. பிறகு சலசலத்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "என்னா சார், கம்ப்யூட்டர் சாப்புடப் போயிருச்சா?" கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற இடத்திலேயே கம்ப்யூட்டருக்கு இந்தக் கதி என்றால் நம்ம பிள்ளை என்ன படித்துக் கிழிக்கும் என்று யாரோ தன் வீட்டுக்காரியிடம் நியாயமாகவே கேட்டார்.

கலியமூர்த்தி திரையைப் பார்த்தார். பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. இணைப்பும் சரியாக இருந்தது. பிறகு நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். அங்கே மூன்றாவது மேசையில் மட்டும் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. போலகத்திலிருந்து வந்த தமிழ்ச்செல்வி, தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பக்கத்தில் கணவர், மாமியார். பகல் வகுப்பு என்றால் வேலையை விட வேண்டும். மாலை வகுப்பு என்றால் வேலையும் படிப்பும் போக, குழந்தைக்கு என்ன மிஞ்சும் என்று தெரியாது. மூன்று பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் பொத்தானுக்கு மேலே விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கலியமூர்த்தி என் பக்கம் திரும்பினார்.

"சார், பந்தி எந்திரிக்கல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. கல்யாணப் பந்தியில் ஒருவர் மெதுவாகச் சாப்பிட்டால் வரிசையே காத்திருக்கும். அவர் இலையை மடித்த பிறகுதான் எல்லோரும் எழுவார்கள். வரிசை எழுந்த பிறகுதான் அடுத்த பந்திக்குக் கதவு திறக்கும். இருபது வருடம் இதைக் கட்டிக் காத்த மனிதர், தன்னையறியாமல் அப்படியே நிரலில் எழுதி வைத்திருந்தார். நான்கு பேரும் முடித்தால்தான் அடுத்த நான்கு பேருக்கு அழைப்பு. துறையில் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தோம். விண்ணப்பதாரராக நடித்தவர்கள் எல்லாரும் வகுப்புத் தோழர்கள். நடிக்க வந்தவர் எதற்கு யோசிக்கப்போகிறார்? உட்கார்ந்தார்கள், பகல் என்றார்கள், எழுந்தார்கள்.

முதல்வர் வேகமாக இறங்கி வந்தார். "பேப்பர எடுங்க. கையால நடத்திரலாம்."

"எடுத்தா இவரு இந்த வருசம் ஃபெயில் சார்."

"அப்படின்னா அந்தப் பொண்ண அனுப்பிருங்க. 'விருப்பமில்லை'ன்னு ஒரு பொத்தான் இருக்குல்ல? அழுத்துனா மறுபடி ஓடும்ல?"

ஓடும். அதுதான் கொடுமை. அந்த ஒரு பொத்தானை அழுத்தினால் வரிசை விடுபடும், நிரல் மாலைவரை சிக்கலில்லாமல் போகும், கோளாறு என்னவென்று வெளித்தேர்வாளருக்கே தெரியாமல் போகலாம். கலியமூர்த்திக்குப் பட்டம். போலகத்து நர்ஸுக்கு இடம் இல்லை. அந்தப் பொத்தான் மேசையிலும் இருந்தது, கலியமூர்த்தியின் லேப்டாப்பிலும் இருந்தது.

"அழுத்துங்க" என்றார் முதல்வர்.

கலியமூர்த்தி கையை லேப்டாப்பிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "எலையில உக்காந்தவங்கள எழுப்பி விடுறது இல்ல சார்."

"இது கல்யாண வீடு இல்லய்யா."

"தெரியுது சார். அதுல குழம்பித்தான இப்படி மாட்டிக்கிட்டேன். ஆனா எழுப்ப மாட்டேன்."

நண்பர்களே, இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கு நல்ல யோசனை எதுவும் வராது. எனக்கும் வரவில்லை. எனக்கு வந்தது விதி எண்தான். மேடையில் ஏறி மைக்கை வாங்கி, ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் தேநீர் இடைவேளை அறிவித்தேன். இடைவேளை என்பது தடங்கல் ஆகாது. மேசையில் இருப்பவர் இருந்த இடத்திலேயே தொடரலாம். அரங்கத்தில் கடைசி ஆள் டீ குடித்த பிறகே கலந்தாய்வு மீண்டும் தொடங்கும் என்பதையும் சத்தமாகப் படித்தேன். முன்பொரு வருடம் பின்வரிசைக்கு டீ வரவில்லை என்று பெற்றோர் சண்டை போட்டதால் சேர்த்த துணைவிதி அது. முதல்வர் என்னைப் பார்த்த பார்வையில் பாராட்டு எதுவும் தென்படவில்லை.

கீழே வந்தேன். "எப்படி மாத்தப் போறீங்க?"

நிரலைத் திருத்தக் கூடாது என்று விதி இல்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் கை வைக்காதீர்கள் என்று காலமெல்லாம் கத்தியவன் நான். அதனால் நிபந்தனை போட்டேன்: பழைய பிரதியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மாற்றுகிற ஒவ்வொரு வரியையும் இன்னொருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். முன்பு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த வகுப்புத் தோழி ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் புடிக்காத ஒரு பழக்கம் இருக்கு சார்" என்றார் கலியமூர்த்தி. "இப்பல்லாம் மண்டபத்துல சாப்புடுறவன் நாக்காலிக்குப் பின்னாடியே வந்து நிக்கிறாங்கள்ல, எப்படா எந்திரிப்பான்னு? அவன் எந்திரிச்சா இவன் உக்காந்துருவான், பந்தியாவது ஒண்ணாவது. எத்தன பேர வெரட்டிருக்கேன். இப்ப அதத்தான் எழுதப்போறேன்."

"அநாகரிகம்தான்" என்றேன். "ஆனா சீக்கிரம் எழுதுங்க."

எந்த மேசை காலியாகிறதோ அந்த மேசைக்கு அடுத்த பெயர். இவ்வளவுதான் மாற்றம். அவர் தட்டினார், தோழி படித்தாள், நான் நின்றேன். ஒரு தடவை அவள், "இங்க நாலுன்னே விட்டுட்டீங்க, ஒண்ணுல்ல வரணும்" என்றாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திருத்தினார். முடியும் நேரத்தில் வெளித்தேர்வாளர் டீ கிளாஸோடு நடந்து வந்து எங்கள் பின்னால் நின்றார்.

"பகல் வகுப்புல இடம் நெறைய இருக்கா?"

"கொஞ்சந்தாங்க மேடம்."

"அந்தம்மா தரவரிசையில முன்னாடி இருக்காங்க. அவங்க யோசிச்சிட்டு இருக்கும்போதே பின்னாடி வர்றவங்க பகல் இடத்தையெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பழைய பந்தி முறை தாமதப்படுத்தியது, ஆனால் யாருடைய இடத்தையும் பின்னால் வந்தவர் பறிக்க விடவில்லை. புதிய முறை வேகமானது, ஆனால் யோசிக்கிறவரைத் தண்டிக்கும்.

கலியமூர்த்தி மேடையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "சார், அவங்க எந்திரிக்கிற வரைக்கும் பகல்ல ஒரு எடம், சாயந்தரத்துல ஒரு எடம், ரெண்டையும் அவங்க பேருல புடிச்சு வச்சிரலாமா? ஒருத்தருக்கு ரெண்டு எல. தடுக்குற விதி ஏதும் இருக்கா?"

விதி இல்லை. அதை நான் அவருக்குச் சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை விவரிக்க முடியாது. விதி வாய் திறக்காத இடத்தில் ஒருங்கிணைப்பாளர் தீர்மானிக்கலாம் என்பதும் ஒரு விதி. "புடிச்சு வைங்க" என்றேன். "ஆனா நேரம் இருக்காது."

நேரம் எப்படி இருக்கும்? வைத்தியநாதனின் ஆட்கள் அரங்கத்துக்கு டீ கொடுப்பதை நீங்கள் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் நுழைந்தால் கண் மூடித் திறப்பதற்குள் அந்தப் பக்கம் காலி டம்ளரோடு வெளியேறுவார்கள். மாற்றம் பாதியில் நிற்க, மணி அடிக்கும் பொறுப்பு என்னுடையது என்ற கவலையோடு அரங்கத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

பரிமாறும் ஆட்கள் யாரையும் காணவில்லை. வைத்தியநாதன் மட்டும் தனியாக, ஒரு கையில் கெட்டிலும் மறு கையில் டம்ளர்களுமாக, வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார். வரிசை வரிசையாகக்கூட இல்லை, ஆள் ஆளாக.

"சக்கர கம்மியா, தூக்கலாங்கம்மா? பாத்துச் சொல்லுங்க, அவசரமில்ல... நீங்க எந்த ஊருங்க? திருவேட்டக்குடியா? அங்க யாரு வீடு? அட, அவங்க வீட்டுக் கல்யாணம் நாமதான பண்ணோம். வத்தக்கொழம்பு எப்படி இருந்துச்சு, மறைக்காம சொல்லுங்க..."

முதல்வர் குறுக்கே போய், "என்னய்யா, சீக்கிரம் ஊத்து" என்றார்.

"கொதிக்கக் கொதிக்க இருக்கு சார். கொழந்தைங்க மடியில இருக்கு. ஊத்திட்டு அப்பறம் யாரு பதில் சொல்றது?"

கடைசி வரிசையில் ஒரு முதியவர், "எனக்கு வேணாம் தம்பி, சுகரு" என்றார். அத்தோடு முடிந்தது என்று நான் மைக்கை நோக்கி நகர்ந்தேன்.

"டீ குடிச்சாத்தான் தொடங்குவாங்களாம் ஐயா, சார் சொன்னாருல்ல. சக்கர இல்லாம தனியாப் போட்டுக் கொண்டாறேன், இருங்க" என்று வைத்தியநாதன் கெட்டிலோடு சமையலறைக்குப் போய்விட்டார். போனவர் வரவில்லை. கணக்கு டீச்சர் மட்டும் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். முதியவர் டீ எங்கே என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்கத் தொடங்கிய நேரத்தில் கலியமூர்த்தி நிமிர்ந்து, "ஆச்சு சார்" என்றார். சற்று நேரத்தில் சமையலறைக் கதவும் திறந்தது.

முதியவர் குடித்து முடித்தார். நான் மணி அடித்தேன்.

திரையில் மூன்று பெயர்கள் வந்தன. மூன்று பேர் எழுந்தார்கள். அரங்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. முதல் மேசை காலியானதும் ஒரு பெயர், இரண்டாவது காலியானதும் ஒரு பெயர். வேகம் முன்பைவிடக் கூடிவிட்டது. மூன்றாவது மேசையில் போலகத்துக் குடும்பம் எதையும் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தது. பகல் இடங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து, ஒன்றே ஒன்று மிஞ்சியது. அது தமிழ்ச்செல்வியின் பெயரில் நின்றது.

அப்போதுதான் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர் பக்கத்து மேசைக்கு வந்தார். "பகல்ல ஒரு எடம் இருக்குன்னு ஸ்கிரீன்ல காட்டுதே, எனக்குப் போடுங்க."

"அது அவங்க பேருல இருக்கு. அவங்க வேணாம்னா உங்களுக்கு" என்றேன்.

அவர் நேராகப் போய்த் தமிழ்ச்செல்வியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

கலியமூர்த்தி மேடையேறிப் போனார். "அண்ணே, இப்படி வந்து உக்காருங்க. முதுகுக்குப் பின்னாடி ஆளு நின்னா யாருக்கும் எறங்காது." சொல்லிக்கொண்டே அவரைத் தோளில் தொட்டு ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தார். எத்தனை கல்யாணத்தில் பழகிய கையோ, அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார்.

மாமியார்தான் கடைசியில் பேச்சை முடித்தார். "சாயந்தர வகுப்புன்னா ரெண்டும் கெட்டுப் போவும்டி. படிக்கிறதா இருந்தா ஒழுங்காப் படி. பிள்ளைய நான் பாத்துக்குறேன். போடு கையெழுத்த, பஸ்ஸு போயிரும்." கணவர் பேனாவை எடுத்து நீட்டினார். தமிழ்ச்செல்வி பகல் என்றார். ஆசிரியர் இவ்வளவு நேரம் தூக்கி வைத்திருந்த விரலை ஒருவழியாக இறக்கினார். தொழிற்சாலைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாலை வகுப்பை எடுத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து அரங்கம் காலியானதும் வெளித்தேர்வாளர் கலியமூர்த்தியைக் கூப்பிட்டார். எங்கே தவறியது என்று கேட்டார். அவர் பந்திக் கதையை ஒளிக்காமல் சொன்னார். "மறுபடி இதையே செய்யச் சொன்னா எதுல ஆரம்பிப்பீங்க?" என்றார். "ஒத்திகைக்கு முடிவெடுக்கத் தெரியாத ஆளா ஒருத்தரக் கூட்டியாருவேன் மேடம்" என்றார் கலியமூர்த்தி. அன்று முழுவதும் அசையாத அந்த முகத்தில் ஒரு சின்ன அசைவு தெரிந்தது. தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். மாணவரின் பழைய தொழிலை வாசலில் கழற்றச் சொல்லாதீர்கள். அது எந்த இடத்தில் நிரலைக் கெடுக்கிறது, எந்த இடத்தில் மனிதரைக் காப்பாற்றுகிறது என்று பார்க்கப் பழகுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே பழக்கமாக இருக்கும். அதனால்தான் இந்த வகுப்பு கஷ்டம், அதனால்தான் இங்கே வேலை பார்க்க நன்றாக இருக்கும். விதிகளை முழுதாகப் படியுங்கள். விதி எதைத் தடுக்கவில்லை என்று தெரிந்தவனுக்குத்தான் நெருக்கடியில் வழி தெரியும்.

சமையலறைப் பக்கம் போனேன். வைத்தியநாதன் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தம்பி தேறிவிட்ட சேதி எனக்கு முன்பே அங்கே வந்துவிட்டிருந்தது.

"இத்தன வருசமா உங்க பந்தியில சாப்பிட்டிருக்கேன்" என்றேன். "ஒரு டீ கொடுக்க இவ்வளவு நேரம் ஆகி நான் பாத்ததில்ல."

"பால் காயல சார், ஈர வெறகு."

பக்கத்தில் கேஸ் அடுப்பு இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஆவணிக்குப் பந்தி பாக்க எனக்கு ஆளு இல்ல. ஒங்க பசங்கள்ல படிப்பு ஏறாதவன் எவனாவது இருந்தா சொல்லி அனுப்புங்க சார்."